சாரல் வகுப்புக்கு வந்த சம்பந்தியம்மா

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பயந்துகொண்டு வீட்டோடு இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. அவர்கள் தைரியமாக ஒரு காரியத்தில் இறங்கும்போதுதான் ஆபத்து. இதை நான் ஆராய்ந்து சொல்லவில்லை. இறங்கியவனே நான்தான்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எனக்குத் தப்பே வராது. அதை விட்டு வெளியே வந்து எதைத் தொட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. அவள் தாவரவியல் படித்தபோது, காட்டுக்குள் போவாளே, பாம்பு கிடக்குமே என்று பயந்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, ரோட்டைக் கடப்பாளே என்று பயந்தேன். இருபத்தேழு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். பாம்பும் இல்லை, ரோடும் இல்லை, இனி எதற்குப் பயப்படுவது என்று ஒரு வாரம் திணறினேன். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்பட ஆரம்பித்தேன்.

ஊர் சொல்லும்படியாகத்தான் அவளும் ஒரு காரியம் செய்தாள். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் அரை ஏக்கர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு தகரக் கொட்டகை போட்டு, நம் மண்ணுக்கே உரிய செடிகளை வைத்துத் தோட்டம் போடுவது எப்படி என்று பருவத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். சாரல் நேரத்தில் நடவு. ஐப்பசி மழையில் பதியன். தை மாதம் பட்டாம்பூச்சி பார்க்கிற நாள். கோடையில் விதை சேகரிப்பு. செடிகள் என்னென்ன என்று கேட்கிறீர்களா? நொச்சி, ஆவாரை, தும்பை, எருக்கு, ஆடாதொடை.

எங்களுடையது விவசாயக் குடும்பம். என் அப்பா ஆயுசு முழுக்க எதையெல்லாம் குனிந்து குனிந்து பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்தாரோ, அதையெல்லாம் வரிசையாக நட்டு, பெயர்ப்பலகை வைத்து வளர்ப்பது எப்படி என்று அவருடைய பேத்தி பாடம் எடுக்கிறாள். இதை நான் எந்த வாயால் சொந்தக்காரர்களிடம் சொல்வது? யாராவது கேட்டால், "ஆராய்ச்சி பண்ணுதா" என்று சொல்லிவிட்டு, அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன். (குற்றாலத்துப் பக்கம் குடியிருப்பதில் இது ஒரு வசதி. எந்தப் பேச்சையும் அருவிக்குத் திருப்பிவிடலாம்.)

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சாரல் நேரம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் தாளாளர் அம்மா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பள்ளி வளாகம் முழுக்க நம் செடிகள் வைத்துத் தோட்டம். வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பு. கோமதிக்கு நிலையான வேலை. பிடிக்காவிட்டால்?

"ஆடி முடிஞ்சதும் பெங்களூருக்கே போயிருதேன்பா. பழைய ஆபீஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள் கோமதி, சாதாரணமாக, சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

எனக்கு அந்தச் சாம்பார் இறங்கவில்லை. அவள் வந்தபோது பயந்தவன்தான். ஆனால் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் அவள் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருவதும், அவள் அம்மா செல்வி கத்துவதும், நான் நடுவில் நின்று துணி எடுத்துக் கொடுப்பதும் எனக்குப் பழகிப்போயிருந்தது. மறுபடியும் அவளை ரயிலேற்றிவிட என்னால் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேர்."

நாலு பேரை வைத்து நடத்தினால் அது வகுப்பா, சீட்டாட்டமா? என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாலு பேர் போதும்பா. நல்லாச் சொல்லிக்குடுத்தா அந்தம்மாவுக்குத் தெரியும். நீங்க யாரையும் கூப்பிட்டுத் தொலைச்சிராதீங்க" என்றாள்.

மறுநாளே கூப்பிட்டுத் தொலைத்தேன்.

வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அக்கா சண்முகத்தாய்க்குத்தான் போன் போட்டேன். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஒரு சேதியை அக்கா காதில் போட்டால் அது மாவட்டம் முழுக்கப் போய்விட்டுத்தான் மூச்சு வாங்கும். எனக்குத் தேவை ஏழெட்டுத் தலைகள், கொட்டகை நிறைந்த மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதற்கு என்று எப்படிச் சொல்வது? களைச்செடி வளர்ப்பதைக் கற்றுக்கொள்ள வாருங்கள் என்றா? விவசாயம் பார்க்கிற அக்காவிடமா?

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ஐந்தருவி ரோட்டுத் தோப்புக்கு வந்திரணும். கோமதி விஷயம்தான்."

"என்னலே விஷயம்?"

"போன்ல சொல்ற மாதிரி இல்லக்கா. நேர்ல வாங்களேன். வரும்போது வீட்டு ஆளுக நாலஞ்சு பேரக் கூட்டிட்டு வந்தா நல்லாருக்கும். முக்கியமான ஒரு அம்மா வாராங்க. அவங்களுக்குப் புடிச்சிட்டா நம்ம கோமதி வாழ்க்கையே செட்டில் ஆயிரும்."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சும் ஓசை. "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்லே. எனக்குப் புரியுது. நான் பாத்துக்கிடுதேன்."

என்ன நல்ல அக்கா, ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொள்கிறாளே என்று நெகிழ்ந்துபோய்ப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மெல்லிய சாரல். கோமதி என்னுடைய பழைய சட்டையும் தொளதொளக் கால்சட்டையும் போட்டு, முழங்கால்வரை சேற்றோடு குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பதிந்திருந்த நாலு பேரும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு வேன் வந்தது. அதன் பின்னால் இன்னொரு வேன்.

முதல் வேனிலிருந்து அக்கா இறங்கினாள். அரக்குப் பட்டு. கழுத்தில் காசுமாலை. கையில் ஆரத்தித் தட்டு. அவள் பின்னால் பட்டுப் பட்டாக, ஜரிகை ஜரிகையாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆண்கள் எல்லாம் வெள்ளை வேட்டி. ஒன்பது தட்டுகள்: தேங்காய், வாழைப்பழம், ஆரஞ்சு, கல்கண்டு, மல்லிகைப்பூ, இன்னும் என்னென்னவோ. நான் எண்ணினேன். (தொழில் புத்தி.) முப்பத்தேழு பேர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சு கைகூடும்வரை வெளியே மூச்சு விட மாட்டோம். யாராவது போய்க் கலைத்துவிடுவார்கள், கண் பட்டுவிடும் என்று பயம். அதனால் நிச்சயதார்த்தத்துக்குக்கூட, "ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போங்க" என்றுதான் அழைப்போம். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவன் காரணம் சொல்லாமல் கூப்பிட்டால், அந்தச் சொல்லாததுதான் காரணம். இந்த வழக்கம் அக்காவுக்குத் தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். போன் பேசிய அந்த மூன்று நிமிஷம் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தேன். "அக்கா, இது வந்து... செடி நடுறதுக்கு..."

"செடி நட்டுத்தான் ஆரம்பிக்கியளா? நடக்கட்டும், நடக்கட்டும். இப்பல்லாம் புதுசு புதுசா என்னவெல்லாமோ பண்ணுதாக" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இதற்குப் பெயர் கோழைத்தனம் என்பது எனக்குத் தெரியும். இன்னும் பத்து நிமிஷத்தில் தாளாளர் அம்மா வந்துவிடுவார், ஆட்கள் எப்படி வந்தால் என்ன, கொட்டகை நிறைந்திருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது.

செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். "இவ்வளவு பேரையும் கூப்பிட்டது யாரு?"

"அக்கா."

"அக்காவக் கூப்பிட்டது யாரு?"

நான் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள்.

உள்ளே கோமதி மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, இன்னைக்குமா இந்தக் கோலம்?"

"வாங்கத்த. சேத்துல இதான் வசதி. நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"நாங்க வராமலா?" என்று அக்கா அவள் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் சொருகினாள். கோமதி என்னைத் தேடிப் பார்த்தாள். நான் ஒரு நொச்சிச் செடியின் பெயர்ப்பலகையை மிகுந்த ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தேன்.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு என் ரத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் தலையில் பூவோடு வகுப்பை ஆரம்பித்துவிட்டாள். "இப்ப நட்டா மண்ணு ஈரமா இருக்கு, வேர் தானாக் கீழ எறங்கிரும். கோடையில நீங்க தண்ணி ஊத்திக்கிட்டே இருக்க வேண்டாம். ஆவாரையைப் பாருங்க..."

"இதப் பிடுங்கியே எங்க அய்யாவுக்கு முதுகு கூனிப்போச்சு" என்றார் அக்காவின் கணவர், பக்கத்திலிருந்தவரிடம்.

"சும்மா இருங்க. புள்ள ஏதோ சாங்கியம் சொல்லுதா" என்றாள் அக்கா.

அந்த நேரத்தில்தான் இசக்கிமுத்து வந்தான். கேரள எல்லையோரம் புளியறையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற பையன். கோமதிக்குக் கன்றுகள் கொடுப்பதும், வகுப்பில் கூட நின்று உதவுவதும் அவன்தான். வழக்கமாக லுங்கியில் வருபவன், பள்ளிக்கூடத்து அம்மா வருகிறார் என்பதற்காக அன்றைக்குப் பார்த்து வெள்ளைச் சட்டை, கரை வேட்டியில், தோளில் ஒரு ஆடாதொடைக் கன்றோடு வந்து நின்றான். முப்பத்தேழு கழுத்தும் ஒரே நேரத்தில் திரும்பியது.

"பையன் நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்கான்."

"கொஞ்சம் கறுப்பு."

"புளியறைக்காரனாம்லா. மலையாளத்துப் பக்கம் இருந்துக்கிட்டு இந்தக் கறுப்பு எப்படி?"

அக்கா எழுந்து போய் அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "வாயத் திறங்க தம்பி" என்று கல்கண்டைப் போட்டாள். இசக்கிமுத்து நல்ல பையன். வாத்தியார் வீட்டுப் பெரியவர்கள் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து வாயைத் திறந்தான், சிரித்தான், குனிந்து கும்பிட்டும் விட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது.

அந்தக் குலவைக்கு நடுவில் தாளாளர் அம்மாவின் கார் வந்து நின்றது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நரைத்த கொண்டை, நிமிர்ந்த நடை. மாப்பிள்ளையின் அம்மா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று என் அக்கா மனதில் ஒரு படம் வைத்திருந்தால், அந்தப் படம் காரிலிருந்து இறங்கிவந்தது. நான் ஓடுவதற்குள் ஆரத்தி சுற்றியாகிவிட்டது.

"எல்லாரையும் இப்படித்தான் வரவேற்பீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா, நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்குச் செய்யாம?" என்று அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைக?"

"ஆயிரத்து இருநூறு" என்றார் அந்த அம்மா புன்னகையோடு.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரி, தமாசாப் பேசுறிய. பொண்ணப் பாத்தாச்சுல்லா? எப்ப வச்சுக்கிடலாம்?"

"நான் இன்னும் முடிவு பண்ணலையே. வகுப்பை முழுசாப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பத்தேழு பேரு தட்டுத் தூக்கி வந்து உக்காந்திருக்கோம். இனிமேத்தான் முடிவு பண்ணணுமா? எங்க பொண்ணுக்கு என்ன கொறை? எம்.எஸ்ஸி. படிச்சிருக்கா!"

"படிப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"பின்ன எதப் பத்திச் சொல்லுதிய?"

என் மகளின் வேலை என் கண் முன்னாலேயே கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது. இதற்குமேல் தாமதிக்கக் கூடாது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு பெண், அவள் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தை இறங்கி, சேற்றில் தப்தப்பென்று ஓடிவந்து இசக்கிமுத்துவின் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா!"

முப்பத்தேழு கழுத்தும் மறுபடியும் திரும்பியது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "குடை மறந்துட்டீங்கன்னு கொண்டுவந்தேன்" என்றவள், புருஷன் நெற்றியைப் பார்த்து நின்றுவிட்டாள். "எந்தா இது? யாரு பொட்டு வச்சது?"

அக்காவின் கையிலிருந்த கல்கண்டுத் தட்டு தரையில் விழுந்தது. "ஏலே!" என்று என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "பெத்த புள்ளைய ரெண்டாந்தாரமாவா குடுக்கே? ஏலே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?"

முப்பத்தேழு பேர், பதிந்த நாலு பேர், தாளாளர் அம்மா, இசக்கிமுத்து, அவன் மனைவி, என் மனைவி, என் மகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். (நாற்பத்தாறு பேர். குழந்தையைச் சேர்க்கவில்லை.) நான் பின்னால் நகர்ந்தேன். வேலி வரை நகர்ந்தேன். நிற்க முடியாமல் வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தையும் அதிலேயே சாய்த்துக்கொண்டேன்.

"அப்பா, அதைத் தொடாதீங்க!" என்று கோமதி கத்தினாள். பெயர்ப்பலகையிலும் அதையேதான் எழுதி வைத்திருந்தாளாம்.

அது செந்தட்டி. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் விளக்க என்னிடம் தமிழ் இல்லை. கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் யாரோ ஆயிரம் ஊசியை நெருப்பில் காட்டிக் காட்டிக் குத்துகிற மாதிரி இருந்தது. நான் குதித்தேன். ஐம்பத்து நாலு வயதில், வேட்டியோடு, ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துக் குதித்தேன். குதித்துக்கொண்டே உண்மையையும் சொன்னேன். "நிச்சயதார்த்தம் இல்லக்கா... ஆ... இது செடி வகுப்பு... ஐயோ... அந்தம்மா ஸ்கூல்காரங்க... வேலைக்காக... ஆள் கொறையுதுன்னுதான் கூப்பிட்டேன்... அம்மா!"

கோமதி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். என் கையை மெதுவாகப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றாள், குரல் கொஞ்சமும் நடுங்காமல். "இதுதான் செந்தட்டி. நம்ம காட்டுச் செடி. இதத் தொட்டா என்ன ஆகும்னு எங்க அப்பா காட்டுதாங்க. தேய்க்கக் கூடாது, தேய்ச்சா முள்ளு இன்னும் உள்ள போகும். அப்ப இத எதுக்கு வளக்கணும்? சில பட்டாம்பூச்சி இதுலதான் முட்டை வைக்கும். இது இல்லேன்னா அதுவும் இல்ல. வேலியோரமா, கை படாத இடத்துல விட்டு வைக்கணும்." என் கையைத் திருப்பி, சிவந்த தடிப்பையும் காட்டினாள். பதிந்த நாலு பேரும் குறிப்பு எழுதிக்கொண்டார்கள்.

முதலில் சிரித்தது தாளாளர் அம்மாதான். அப்புறம் இசக்கிமுத்துவின் மனைவி. அப்புறம் தகரம் பறக்கிற மாதிரி எல்லோரும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கா நான் லாக்கர்லருந்து நகை எடுத்தேன்?" என்று கேட்டாள்.

"அத்த, வந்தது வந்துட்டீங்க. சேலையத் தூக்கிச் சொருகுங்க. ஆளுக்கு ஒரு குழி" என்றாள் கோமதி.

சொருகினார்கள். அரக்குப் பட்டு முழங்காலுக்கு ஏறியது. விவசாய வீட்டுப் பெண்கள்; குழியைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்தது. அக்கா ஒரு நொச்சியை நட்டு, சுற்றி மிதித்து, "ஒழுங்கா வளரு, ஒன்னாலதான் இவ்வளவும்" என்று அதைத் திட்டிவிட்டு வந்தாள். பதினைந்து பேருக்குச் செய்த புளியோதரையை என்னையும் சேர்த்து நாற்பத்தேழு பேருக்குப் பங்கிட்டபோது, சீர்த்தட்டுப் பழங்கள்தான் மானத்தைக் காப்பாற்றின. என் பங்கைச் செல்வி ஊட்டிவிட்டாள், என் கை பயன்படுகிற நிலையில் இல்லை என்பதால். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு.

கிளம்பும்போது தாளாளர் அம்மா கோமதியிடம் சொன்னார்: "எங்க வகுப்புல நாப்பத்தஞ்சு பிள்ளைங்க. எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். புதுசா வர்ற டீச்சர்ங்க முதல் நாளே அழுதுருவாங்க. நீ அழ மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சிரு." அப்புறம் என் பக்கம் திரும்பி, வீங்கிய என் முகத்தைப் பார்த்து, கை கூப்பி, "வரட்டுமா சம்பந்தி?" என்றார்.

அந்தச் 'சம்பந்தி' அன்றோடு போகவில்லை. அவர் இன்றுவரை என்னை அப்படித்தான் அழைக்கிறார். பள்ளியில் முதல் நடவு நடந்த அன்று, ஒலிபெருக்கியிலேயே, "கோமதி டீச்சரோட அப்பா, என் சம்பந்தி வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

விளைவு? அதுவரை ஜாதகக் கட்டோடு வந்துகொண்டிருந்த கல்யாணத் தரகர் வருவதை நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன். "எங்கிட்டயே மறைக்கியளே அண்ணாச்சி. அந்த ஸ்கூல்காரம்மா வீட்டுலதான் முடிஞ்சுபோச்சே" என்றார்.

"அவங்களுக்குப் பையனே கிடையாதுய்யா!"

"அப்ப தங்கச்சி மகனா?"

இல்லை, ஒன்றும் நிச்சயமாகவில்லை என்று நானும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, எதிரே இருப்பவர் அர்த்தத்தோடு தலையாட்டுகிறார். நிச்சயம் ஆகும்வரை நம் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியுமே. இப்போது குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர், "கோமதிக்கு அந்த ஆயிரத்து இருநூத்துல எத்தனாவது பையன்?" என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பாரே ஊற்றச் சொல்கிறார்.

இரண்டு வருஷமாக ஒரு ஜாதகம்கூட வரவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று போன வாரம் கோமதியிடம் புலம்பினேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்பை மாட்டியபடியே திரும்பிப் பார்த்தாள்.

"தரகர் தொல்லை இல்லாம ரெண்டு வருஷம். இப்படி ஒரு நிம்மதிய எந்த அப்பாவும் மகளுக்குக் குடுத்ததில்லப்பா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இல்ல இல்லன்னே சொல்லிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.